தாத்தா வருவாரா? டிசம்பர் மாதத்தில் நம் பிள்ளைகளுக்கு என்ன சொல்லுகிறோம்?

வேத வாசிப்பு: யாத்திராகமம் 12:24-27, உபாகமம் 6:4-7, ரோமர் 14:1-19



கார்த்திகை மழை விட்டு மார்கழிப் பனி இறங்க ஆரம்பித்ததும் நம்ம கெடார் பக்கத்து விசுவாசிகள் வீடுகளில் ஒரு கேள்வி எழும்புகிறது. அந்தக் காலத்தில் அது சின்னக் கேள்வியாக இருந்தது. "வாசல்ல நட்சத்திரம் கட்டலாமா, கூடாதா?" அவ்வளவுதான். இப்போது அது வளர்ந்துவிட்டது. இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடங்களில் சின்ன வகுப்புப் பிள்ளைகளை சிவப்புச் சட்டையும் குல்லாவும் போட்டு அனுப்பச் சொல்லுகிறார்கள். வாலிபர் கீதபவனி வரும்போது பஞ்சுத் தாடி வைத்த கிறிஸ்துமஸ் தாத்தா முன்னே ஆடிக்கொண்டு வருகிறார். விழுப்புரம் கடைகளில் பிளாஸ்டிக் மரமும் சீரியல் லைட்டும் குவிந்து கிடக்கிறது. சீட்டுப் போட்டு யார் கொடுத்தது என்று தெரியாமல் பரிசு கொடுக்கிற விளையாட்டும் வந்துவிட்டது. வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற படங்களைப் பார்த்து, "அம்மா, நமக்கும் அந்த பொம்மை வேணும்" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

இதிலே பெற்றோருக்குள் ஒருமனம் இல்லை. சபைக்குள்ளும் இல்லை. சில வீடுகளில் புருஷனுக்கும் மனைவிக்கும் நடுவிலேயே இல்லை. ஆகவே இந்த மாதப் பாடத்தில் இதை வேத வெளிச்சத்தில் நிதானமாய் ஆராய்ந்து பார்ப்போம்.

1. இரண்டு பக்கமும் என்ன சொல்லுகிறார்கள்?

ஒரு வீட்டில் பேச்சு இப்படிப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"என்னங்க, வெள்ளிக்கிழமை புள்ளைக்கு தாத்தா டிரஸ் போட்டு அனுப்பணுமாம். மிஸ் டைரியில எழுதி விட்டிருக்காங்க."

"அதெல்லாம் வேணாம்மா. இரட்சிக்கப்பட்ட நமக்கு எதுக்கு இந்த வேஷம்? இயேசுவைத் தள்ளி வெச்சிட்டு தாத்தாவைக் கொண்டாடுறாங்க."

"எல்லாப் புள்ளைங்களும் போட்டுக்கிட்டு வரும்போது நம்ம புள்ள மட்டும் ஒரு மூலையில நிக்கணுமா? அது மனசு என்ன பாடுபடும்? இதுல என்னங்க பாவம் இருக்கு?"

இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. அவர் தேவனுடைய மகிமைக்காக வைராக்கியமாய் இருக்கிறார். அந்த அம்மா பிள்ளையின் இருதயத்தை நினைத்துப் பேசுகிறார்கள். இரண்டும் வேண்டியவைதான். இதை மறந்துவிட்டு, ஒருவரை "உலகத்தான்" என்றும் மற்றவரைப் "பரிசேயன்" என்றும் முத்திரை குத்தினால் அங்கே பாடம் முடிந்துபோகும், சண்டைதான் மிஞ்சும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் சபைகளில் இருக்கிற குடும்பங்கள் ஒரே இடத்திலிருந்து வந்தவர்கள் அல்ல. சிலர் குடில் கட்டி வளர்ந்த ரோமன் கத்தோலிக்கக் குடும்பத்தார். சிலர் லுத்தரன் சபையிலும் சி.எஸ்.ஐ. சபையிலும் பஜனை பாடி வளர்ந்தவர்கள். சிலர் புறஜாதியாரிலிருந்து முதல் தலைமுறையாய் கர்த்தரை ஏற்றுக்கொண்டவர்கள். பெந்தெகொஸ்தே ஐக்கியங்களிலேயே டிசம்பர் 25-ஐ ஆசரிக்கிறவர்களும் உண்டு, அந்த நாளை மற்ற நாட்களைப் போலவே எண்ணுகிறவர்களும் உண்டு. ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற இவர்களெல்லாருக்கும் ஒரே மாதிரி மனச்சாட்சி இருக்கும் என்று நாம் எதிர்பார்க்க முடியாது.

2. இந்த வழக்கங்கள் எங்கிருந்து வந்தன?

தெரியாமல் எதிர்ப்பதும் தெரியாமல் ஏற்றுக்கொள்ளுவதும் நல்லதல்ல. சரித்திரத்தைக் கொஞ்சம் பார்ப்போம்.

நாள்: இயேசு பிறந்த தேதியை வேதம் சொல்லவில்லை. டிசம்பர் 25-ல் ரோமாபுரி சபை இந்த நாளை ஆசரித்ததற்கு 4-ஆம் நூற்றாண்டில் எழுத்துச் சாட்சி இருக்கிறது. கி.பி. 354-ல் தொகுக்கப்பட்ட ஒரு ரோமக் காலக்குறிப்பில் அது வருகிறது. அர்மீனிய சபையார் இன்றைக்கும் ஜனவரி 6-ல்தான் ஆசரிக்கிறார்கள்.

தாத்தா: 4-ஆம் நூற்றாண்டில் இன்றைய துருக்கி தேசத்திலுள்ள மீரா பட்டணத்தில் நிக்கொலா என்கிற அத்தியட்சர் இருந்தார். வரதட்சணை கொடுக்க வழியில்லாத ஒரு ஏழைத் தகப்பனுடைய 3 குமாரத்திகள் கெட்டுப்போகாதபடிக்கு, இரவிலே ஒருவருக்கும் தெரியாமல் அவர்கள் வீட்டுக்குள் பொன் போட்டார் என்று அவரைப்பற்றிச் சொல்லுவார்கள். பலகணி வண்டியும் புகைபோக்கியும் அப்போது கிடையாது. 1823-ல் அமெரிக்காவிலே ஒரு செய்தித்தாளில் வந்த ஒரு பாட்டுதான் அவரை 8 கலைமான்கள் இழுக்கிற பனிவண்டியில் ஏற்றியது. 1863 முதல் தாமஸ் நாஸ்ட் என்கிற சித்திரக்காரர் அவரைக் குண்டுத் தாத்தாவாக வரைந்தார். 1931 முதல் கொக்கோ கோலா விளம்பரங்களில் வந்த சிவப்புச் சட்டைத் தாத்தாவின் படம் உலகமெங்கும் பரவியது. பாருங்கள், ஏழை வீட்டுக்குள் ஒளிந்து கொடுத்த ஒரு போதகர், கடைசியில் குளிர்பானம் விற்கிறவராய் ஆகிவிட்டார்!

மரம்: ஜெர்மனி தேசத்து வழக்கம். 1605-ஆம் வருஷத்துக் குறிப்பு ஒன்றில், ஸ்ட்ராஸ்பர்க் பட்டணத்து வீடுகளில் காகிதப்பூவும் ஆப்பிளும் தொங்கவிட்ட மரங்கள் இருந்ததாக வருகிறது. 1848-ல் விக்டோரியா மகாராணியின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கிற படம் பத்திரிகையில் வந்த பிறகு இங்கிலாந்தில் அது பெரிதாய்ப் பரவியது.

நட்சத்திரம்: 1830-களில் ஜெர்மனியிலுள்ள நீஸ்கி என்ற ஊரில், மொரேவிய சபையார் நடத்தின பையன்கள் பள்ளியில், கணக்குப் பாடத்துக்காகக் காகிதத்தில் செய்யப்பட்ட பல முனை நட்சத்திரம் ஒன்று உண்டு. பிற்பாடு அதற்குள் விளக்கு வைத்து வீடுகளில் தொங்கவிட்டார்கள். இன்று கிறிஸ்தவ உலகம் அறிந்த நட்சத்திர விளக்குகளில் அதுவும் ஒன்று.

பொம்மை: 2005-ல் அமெரிக்காவில் ஒரு தாயும் மகளும் எழுதின கதைப்புத்தகத்தோடு "எல்ஃப்" என்கிற ஒரு குட்டிப் பொம்மை விற்பனைக்கு வந்தது. அது வீட்டிலே அலமாரியில் உட்கார்ந்து பிள்ளை நல்லபிள்ளையா, கெட்டபிள்ளையா என்று கவனிக்குமாம். இரவில் பறந்துபோய் தாத்தாவிடம் சொல்லிவிட்டு, காலையில் வேறு இடத்தில் வந்து உட்காருமாம். (இரவில் இடம் மாற்றி வைக்கிறவர்கள் அப்பா அம்மாதான்.) பிள்ளை அதைத் தொடக்கூடாதாம். அங்கேயுள்ள கிறிஸ்தவப் பெற்றோருக்குள்ளும் இதைக்குறித்து இரண்டு அபிப்பிராயம் இருக்கிறது. "வெறும் விளையாட்டு" என்கிறார்கள் சிலர். "பிள்ளையை ஒரு பொம்மைக்குப் பயப்பட வைக்கிறோமே" என்கிறார்கள் மற்றவர்கள்.

பெற்றோருக்குள் இருக்கிற இந்த வாக்குவாதமும் புதிது அல்ல. 1647-ல் இங்கிலாந்து பாராளுமன்றம் கிறிஸ்துமஸ் பண்டிகையையே ஒழித்து உத்தரவு போட்டது. 1659-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் அதைக் கொண்டாடினவர்களுக்கு 5 ஷில்லிங் அபராதம் என்று சட்டம் வந்து, 1681-ல் அது நீக்கப்பட்டது. அந்தச் சட்டம் போட்டவர்களும் வேதத்தை நேசித்தவர்களே. ஆனாலும் அபராதத்தினால் ஒருவருடைய இருதயமும் மாறவில்லை.

3. வேதம் என்ன போதிக்கிறது?

வேண்டாம் என்கிறவர்கள் எரேமியா 10-ஆம் அதிகாரத்தைத் திறப்பார்கள். காட்டில் மரத்தை வெட்டி, வெள்ளியினாலும் பொன்னினாலும் அலங்கரித்து, அசையாதபடிக்கு ஆணி அடிக்கிறதைக் குறித்து அங்கே வாசிக்கிறோம். ஆனால் 5-ஆம் வசனம்வரை வாசியுங்கள். அது பேசமாட்டாத, நடக்கமாட்டாத விக்கிரகத்தைப்பற்றின காரியம். வீட்டு மூலையில் வைத்த பிளாஸ்டிக் மரத்தை ஒருவரும் கும்பிடுகிறதில்லையே. வசனத்தை அதன் இடத்திலிருந்து பிடுங்கி இன்னொரு விசுவாசியை அடிப்பது நியாயமல்ல.

வேண்டும் என்கிறவர்களுக்கும் வசனம் உண்டு. எஸ்தர் 9:22-ல் யூதர்கள் பூரீம் நாட்களில் ஒருவருக்கொருவர் பலகாரங்களையும் எளியவர்களுக்குத் தானங்களையும் அனுப்பினார்கள். யோவான் 10:22-ல், மோசேயின் நியாயப்பிரமாணம் கட்டளையிடாத தேவாலயப் பிரதிஷ்டைப் பண்டிகையின்போது நம் ஆண்டவர் தேவாலயத்தில் உலாவினார் என்று பார்க்கிறோம். ஆகவே மனுஷர் ஏற்படுத்தின நாள் என்கிற ஒரே காரணத்துக்காக ஒன்றைத் தள்ளிவிட முடியாது.

ஆனாலும் ஜாக்கிரதை! 2 இராஜாக்கள் 18:4-ஐ வாசியுங்கள். வெண்கல சர்ப்பம் தேவன் சொல்லி மோசே செய்தது. பிற்காலத்தில் ஜனங்கள் அதற்குத் தூபம் காட்ட ஆரம்பித்தபோது எசேக்கியா அதை உடைத்துப்போட்டான். ஒரு காரியம் நல்ல இடத்திலிருந்து வந்திருந்தாலும், அது கர்த்தருடைய இடத்தைப் பிடித்தால் போகவேண்டியதுதான். ஆரம்பம் எது என்று கேட்பதோடு நிற்காமல், இன்றைக்கு நம் பிள்ளையின் மனதில் அது என்ன செய்கிறது என்றும் கேட்கவேண்டும்.

இந்தப் பாடத்தின் மையம் யாத்திராகமம் 12:26-ல் இருக்கிறது. பஸ்காவைப் பார்த்து, "இதற்கு என்ன அர்த்தம்?" என்று உங்கள் பிள்ளைகள் கேட்பார்கள் என்று கர்த்தர் முன்கூட்டியே சொல்லுகிறார். யோசுவா 4:6-ல் யோர்தானிலிருந்து எடுத்த 12 கற்களைப் பார்த்தும் பிள்ளைகள் கேட்பார்கள் என்றிருக்கிறது. பிள்ளை கேட்கும்போது தகப்பன் வாயில் ஒரு பதில் இருக்கவேண்டும். அந்தப் பதில் உண்மையாக இருக்கவேண்டும்.

4. மூன்று உரைகல்

நகைக்கடையில் பொன்னை உரசிப் பார்ப்பதுபோல, எந்தப் புது வழக்கத்தையும் இந்த மூன்றிலே உரசிப் பாருங்கள்.

(அ) இது பிள்ளைக்கு உண்மை சொல்லுகிறதா?

வேஷம் போடுவது ஒன்று, பொய் சொல்லுவது வேறு. ஞாயிறு பள்ளி நாடகத்தில் நம்ம பிள்ளை மேய்ப்பனாக நடிக்கிறான். அவன் மேய்ப்பன் என்று யாரும் ஏமாறுவதில்லை. அதேபோல, "இது நம்ம சபை அண்ணன்தான் கண்ணு, தாடி ஒட்டிக்கிட்டு வந்திருக்காரு" என்று சொன்னால் பிள்ளை சிரித்துவிட்டுப் போகும். ஆனால், "தாத்தா ராத்திரி வந்து உனக்குப் பரிசு வெச்சிட்டுப் போனாரு" என்று நிஜம் போலச் சொல்லி, வருஷக்கணக்காய் நம்பவைத்தால்? 7, 8 வயதில் பள்ளிக்கூடத்தில் இன்னொரு பிள்ளை, "டேய், அது உங்க அப்பாடா!" என்று சொல்லிவிடுவான். அப்போது அந்தப் பிள்ளை மனதில் எழும்புகிற அடுத்த கேள்வியை யோசித்தீர்களா? "கண்ணுக்குத் தெரியாத தாத்தாவைப் பத்தி அப்பா சொன்னது பொய்யின்னா, கண்ணுக்குத் தெரியாத இயேசுவைப் பத்திச் சொன்னது?" எல்லாப் பிள்ளையும் இப்படிக் கேட்காது. கேட்கிற ஒரு பிள்ளை நம் வீட்டிலே இருக்கக்கூடும். பொய்யைக் களைந்து மெய்யைப் பேசவேண்டும் என்கிற எபேசியர் 4:25 பெரியவர்களுக்கு மட்டும் எழுதப்படவில்லை, பிள்ளைகளோடு பேசும்போதும் பொருந்தும்.

கதை வேண்டுமென்றால் உண்மைக் கதையே நம்ம மாவட்டத்தில் இருக்கிறது. ஆற்காடு அமெரிக்க மிஷன் ஊழியம் செய்த திண்டிவனத்தில், 1890-ஐ ஒட்டி, ஐடா ஸ்கடர் என்கிற வாலிபப் பெண் நோயாயிருந்த தன் தாயாரைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கியிருந்தாள். ஒரே இரவில் 3 பேர், ஒருவர் பின் ஒருவராய் வந்து கதவைத் தட்டினார்கள். பிரசவ வேதனையிலிருந்த தங்கள் மனைவிகளுக்கு உதவ ஒரு பெண் வேண்டும் என்று கேட்டார்கள். அவள் வைத்தியம் படித்தவள் அல்ல. ஆண் வைத்தியரை அவர்கள் அனுமதிக்கவில்லை. அந்த 3 ஸ்திரீகளும் மரித்துப்போனார்கள். அந்த இரவே அவளை மாற்றியது. அமெரிக்கா போய் டாக்டராகித் திரும்பி வந்து, 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்ததுதான் இன்றைய சி.எம்.சி. ஆஸ்பத்திரி. ராத்திரி வந்து கதவைத் தட்டினவர்கள் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பெரியவர்களானாலும் இந்தக் கதை பொய்த்துப்போகாது.

(ஆ) இது கிருபையைப் போதிக்கிறதா, கூலியைப் போதிக்கிறதா?

நல்லபிள்ளைக்குப் பரிசு, கெட்டபிள்ளைக்கு ஒன்றுமில்லை. இதுதான் தாத்தாவின் கணக்கு. அலமாரிப் பொம்மையும் அதே கணக்குத்தான் எழுதுகிறது. நம் சுவிசேஷம் அப்படியா? நாம் பாவிகளாயிருக்கும்போதே கிறிஸ்து நமக்காக மரித்தார் என்று ரோமர் 5:8 போதிக்கிறதே! பெத்லகேமில் பிதா கொடுத்த ஈவு, நல்லபிள்ளைகளைப் பட்டியல் எடுத்துக் கொடுத்தது அல்ல. டிசம்பர் மாதம் முழுவதும், "சேட்டை பண்ணினா உனக்குப் பரிசு கிடையாது" என்று மிரட்டிவிட்டு, 25-ஆம் தேதி கிருபையைப்பற்றிப் பிரசங்கித்தால் பிள்ளை எதை நம்பும்? பரிசு கொடுக்கிற வீட்டார் அதை நிபந்தனை இல்லாமல் கொடுங்கள். "நீ எங்க புள்ள, அதனால குடுக்குறோம்" என்று சொல்லிக் கொடுங்கள்.

(இ) இது இல்லாத வீட்டுப் பிள்ளையை வெட்கப்படுத்துகிறதா?

இதை நாம் அதிகமாய் யோசிப்பதில்லை. கெடார் சுற்றுவட்டாரம் கூலி வேலையை நம்பியிருக்கிற இடம். தகப்பன் கரும்பு வெட்டப் போயிருப்பான், அல்லது செங்கல் சூளையில் இருப்பான். ஒருநாள் வேஷத்துக்கு சிவப்புச் சட்டை வாங்குவது அந்த வீட்டுக்குச் சின்னக் காரியம் அல்ல. சீட்டுக் குலுக்கிப் பரிசு மாற்றும்போது ஒரு பிள்ளைக்கு விலையுயர்ந்த டப்பாவும் இன்னொரு பிள்ளைக்கு ஒரு பேனாவும் போய்ச் சேர்ந்தால், சபையிலேயே யாக்கோபு 2-ஆம் அதிகாரத்தை நாம் மீறுகிறோம். 2024 டிசம்பர் முதல் வாரத்தை நம் ஜனங்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தென்பெண்ணை கரை புரண்டது. பயிரும் ஆடு மாடும் வீட்டுச் சாமான்களும் போன குடும்பங்கள் எத்தனை! அப்படிப்பட்ட வருஷத்தில் ஒரு பிள்ளை தாத்தாவை நம்பிக் காத்திருந்து, காலையில் ஒன்றும் இல்லை என்று கண்டால், "நான் கெட்ட புள்ளையா?" என்றுதானே நினைக்கும்? ஆயத்தம்பண்ணாதவர்களுக்கும் பங்கு அனுப்பவேண்டும் என்கிற நெகேமியா 8:10 நமக்கு முன்மாதிரி. நிக்கொலா அத்தியட்சர் செய்ததும் அதுவே. வேஷத்தை விட்டுவிட்டு அவருடைய வேலையைச் செய்தால் எவ்வளவு நலமாயிருக்கும்!

5. வீட்டிலே எப்படித் தீர்மானிப்பது?

முதலாவது, புருஷனும் மனைவியும் பிள்ளைகள் தூங்கினபிறகு பேசுங்கள். பிள்ளைகள் முன்னிலையில் ஒருவரை ஒருவர் வெட்டிப் பேசாதீர்கள். "அப்பா வேணாங்கறாரு, அம்மா சரிங்கறாங்க" என்று பிள்ளை கண்டுகொண்டால், பண்டிகையைவிட பெரிய பாடம் ஒன்றை அது கற்றுக்கொள்ளும்: யாரை எப்போது பிடிக்கவேண்டும் என்பது.

இரண்டாவது, இருவருக்கும் ஒருமனம் வராத காரியத்தில், மனச்சாட்சி உறுத்துகிறவரைக் கட்டாயப்படுத்தவேண்டாம். ஆனால் "வேண்டாம்" என்று சொல்லுகிறவர் அந்த இடத்தை வெறுமையாய் விடவேண்டாம். நட்சத்திரம் வேண்டாமென்றால் அந்தச் சாயங்காலம் குடும்பமாய் உட்கார்ந்து லூக்கா 2-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாடுங்கள். பலகாரம் செய்து அக்கம்பக்கத்தாருக்குக் கொடுங்கள். "கூடாது" என்கிற ஒரே வார்த்தையோடு வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு, விசுவாசம் ஒரு பூட்டின கதவாகத்தான் தெரியும். பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல் கர்த்தருக்கேற்ற போதனையில் வளர்க்கும்படி எபேசியர் 6:4 தகப்பன்மாருக்குத்தானே சொல்லப்பட்டிருக்கிறது?

மூன்றாவது, பள்ளிக்கூடத்தில் உங்கள் பிள்ளை வேஷம் போடவேண்டாம் என்று தீர்மானித்தால், பிள்ளையைத் தனியாக மாட்டிவிடாதீர்கள். பெற்றோரே போய் டீச்சரிடம் தயவாய்ப் பேசுங்கள். "தாத்தா வேஷத்துக்குப் பதிலா மேய்ப்பன் வேஷம் போடட்டுமா மிஸ்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பழைய போர்வையும் ஒரு கோலும் போதும், செலவும் இல்லை.

6. சபையிலே எப்படி நடந்துகொள்ளுவது?

ரோமர் 14:5-6-ஐ நிதானமாய் வாசியுங்கள். ஒருவன் ஒரு நாளை விசேஷமாய் எண்ணுகிறான், இன்னொருவன் எல்லா நாளையும் ஒன்றாக எண்ணுகிறான். அவனவன் தன் மனதிலே நிச்சயமுள்ளவனாய் கர்த்தருக்கென்று செய்யவேண்டும் என்பதே பவுலின் போதனை. நட்சத்திரம் கட்டின வீட்டைக் கடந்து போகும்போது உதட்டைப் பிதுக்காதீர்கள். கட்டாத வீட்டைப் பார்த்து, "அவங்க ரொம்ப ஸ்டிரிக்ட்" என்று கேலி பேசாதீர்கள். நம் அண்டை வீட்டார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "உங்க சாமி பொறந்த நாள்ல ஏன் உங்களுக்குள்ளயே சண்டை?" என்று அவர்கள் கேட்டால் நாம் என்ன சொல்லுவோம்?

பிரியமானவர்களே, மரமும் தாடியும் ஜனவரியில் பரணுக்குப் போய்விடும். டிசம்பரில் அப்பா அம்மா சொன்ன வார்த்தை பிள்ளையோடு இருக்கும். அது உண்மையான வார்த்தையாகவும் அன்பான வார்த்தையாகவும் இருக்கக் கர்த்தர் தாமே கிருபை செய்வாராக. ஆமென்.

வீட்டுக் கூட்டங்களில் தியானிக்க:

1. நம் வீட்டில் செய்கிற ஒவ்வொரு டிசம்பர் வழக்கத்துக்கும், "இது எதுக்குப்பா?" என்று பிள்ளை கேட்டால் நம் பதில் என்ன?

2. பிள்ளையை அடக்குவதற்காக நிஜம்போலச் சொல்லுகிற கதைகள் நம் வீட்டில் வேறு என்ன இருக்கின்றன? (பூச்சாண்டியையும் சேர்த்து யோசியுங்கள்.)

3. இந்த வருஷம் எந்த வீட்டுப் பிள்ளைக்கு, யார் கொடுத்தார்கள் என்று தெரியாமல் ஒரு புதுத்துணி போய்ச் சேரவேண்டும்? (மத்தேயு 6:3-4)

ஜெபக்குறிப்பு: பிள்ளை வளர்ப்பில் ஒருமனமில்லாத பெற்றோருக்காகவும், தகப்பன் வெளியூர் வேலைக்குப் போயிருக்கிற வீடுகளின் பிள்ளைகளுக்காகவும், ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்காகவும் பாரத்தோடு ஜெபியுங்கள்.